வைகறையும் குளத்து மீனும்

முன்னுரை

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகவும் நாளை ஆறு சிறுபொழுதாகவும் பகுத்தனர். அகப்பாடல்களைப் பயிலுங்கால் இப்பாகுபாட்டை முதற்பொருள் எனக் கற்கிறோம். சேலம், நாமக்கல் சமவெளியில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்ப்போர்க்கோ அஃது ஏட்டுப்பாடம் அன்று. இட்ட முதலைக் காக்கும் அறிவு ஆகும்.

குளத்தின் மூச்சு

நீரிற் கரைந்த உயிர்வளியையே மீன் செவுள்களால் பெறுகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். வெப்பம் ஏறினால் மீனின் தேவை மிகுகிறது. நீரின் கொடையோ குறைகிறது. கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டைகள் செழிக்க லிட்டருக்கு 5 மில்லிகிராமேனும் இருத்தல் நன்று. பகலில் நுண்பாசிகள் கதிரொளியால் உயிர்வளியை ஆக்குகின்றன. இரவில் அவையும் அதனையே செலவிடுகின்றன. ஆகவே வைகறையில் இருப்பு மிகவும் தாழ்கிறது. மீன்கள் மேலே வந்து வாய்பிளந்து தவிப்பது அப்பொழுதுதான்.

வேனில்

நூல்கள் சித்திரை, வைகாசியை இளவேனில் என்னும். நம் வட்டாரத்தில் வெயில் உச்சமடைவதோ அம்மாதங்களில்தான். நீரின் ஆழம் ஒன்றரை மீட்டருக்குக் குறையலாகாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உயிர்வளி குறைவாதலின், அதனை உயரத்திலிருந்து கற்கள்மீது விழச்செய்து குளத்தில் விடுதல் வேண்டும்.

நாமக்கல்லில் கோழி எரு எளிதிற் கிடைக்கிறது. அளவோடு இட்டால் மீனுக்கு இரையாகும் மிதவை உயிரிகள் பெருகும். அளவு மிஞ்சினால் நீர் கரும்பச்சையாகும். எருவும் மட்கும்போது உயிர்வளியை விழுங்கும். முழங்கை நனையுமுன்பே உள்ளங்கை கண்ணுக்கு மறையுமாயின் எருவிடுதலை உடனே நிறுத்தல் வேண்டும்.

மழையும் பனியும்

நாட்கணக்கில் மேகம் மூடினால் நுண்பாசிகளின் பகற்பணி தளரும். கடும்வெயிலை அடுத்துப் பெருமழை பெய்தால் மேற்பரப்பு குளிர்ந்து கீழிறங்கும். உயிர்வளி குன்றிய அடிநீர் மேலெழும். பல மாத உழைப்பு ஒரே இரவில் செத்து மிதக்கும். அத்தகைய நாட்களில் தீவனத்தையும் எருவையும் நிறுத்தி, நள்ளிரவு முதல் ஞாயிறு எழும்வரை துடுப்புச்சக்கரக் காற்றூட்டியை இயக்குதல் வேண்டும். அக்கருவி இல்லாதார் டீசல் எஞ்சினால் குளத்துநீரையே இறைத்து மீண்டும் குளத்தில் தூவலாம்.

மார்கழி, தைத் திங்களில் குளிர்ந்த நீர் உயிர்வளியை மிகுதியாகத் தாங்கும். எனினும் மீனின் பசி மந்தமாகும். வேனிலில் இட்ட அளவே தீவனமிட்டால் எஞ்சியது அடியில் அழுகி நீரைக் கெடுக்கும்.

முடிவுரை

நம் மாணவருள் வேளாண் குடியிற் பிறந்தோர் பலர். விடுமுறையில் ஊர் செல்லும்போது, வைகறையில் ஒருமுறை குளக்கரைக்குச் சென்று நீரை நோக்குவார்களாக. மீன்கள் மேலே வந்து தவிக்கக் கண்டால் வீட்டாரை எழுப்பி எஞ்சினை இயக்கச் சொல்வார்களாக. சிறுபொழுது கற்றதன் பயன் அவ்விடத்தே விளங்கும்.