இன்ஜினை இறக்குவதற்கு முன்

பழைய காரின் அடியில் எண்ணெய்த் திட்டு தெரிந்தாலே ‘இன்ஜினை இறக்கி ஹாஃப் இன்ஜின் பண்ணிடலாம்’ என்ற பேச்சு வந்துவிடுகிறது. கார்புரேட்டர் காலத்து மாருதி 800 ஒன்றைப் பல வருஷமாக வைத்துப் பராமரிக்கிறேன். சொந்தக்காரர்கள் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனால் என்னையும் கூட அழைத்துப் போவார்கள். ஆயில் கசிவது வேறு, இன்ஜின் ஆயில் குடிப்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

சொட்டுவது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பச்சையாக, இனிப்பு வாடையோடு வழுவழுத்தால் கூலண்ட். சக்கரத்துக்கு நேர் கீழே வெளிறிய ஈரம் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவே கூடாது.

இன்ஜின் ஆயில்தான் என்றால், சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் மேலே கிளம்பி, இன்ஜின் உடம்பில் வழிந்து, வண்டி ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் சம்ப்பின் ஏதோ ஒரு மூலையில் சொட்டும். அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டுச் சம்ப் பேக்கிங் மாற்றியவர்கள் நிறையப் பேர். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் பாலிதீன் கவரால் மூடி, டீசலும் பிரஷும் கொண்டு மொத்தத்தையும் கழுவித் துடைத்து, டீசல் வாடை போகக் காயவிடுங்கள். சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவி, பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களிலேயே எது மிக உயரத்திலும் முன்னாலும் இருக்கிறதோ, அங்கேதான் கசிவு.

800-இல் பெரும்பாலும் அது டேப்பட் கவர் பேக்கிங்காக இருக்கும். பழைய ரப்பர் சூட்டில் இறுகி, நகத்தால் அழுத்தினால் குழியாது. புதிதாகப் போடும்போது போல்ட்டை வெறிகொண்டு முறுக்கினால் மூடி கோணி, கசிவு இன்னும் அதிகமாகும். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ ரிங்; சின்னச் சாமான்தான், ஆனால் அங்கே கசியும் ஆயில் கியர் பாக்ஸ் பக்கமாக வழிந்து, பின் பக்க கிராங்க் சீல் போன மாதிரியே தோற்றம் காட்டும். கிராங்க் சீல் மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், ஓ ரிங்கைப் பார்க்காமல் அந்தச் செலவுக்குப் போகாதீர்கள். உண்மையிலேயே பின் சீல் போயிருந்தால், கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். முன் பக்க கிராங்க் சீலோ கேம் சீலோ கசிந்தால் தள்ளிப்போடக் கூடாது. ஆயில் டைமிங் பெல்ட்டில் பட்டு ரப்பர் ஊறிவிடும். சீலோடு பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

ஒரே சமயத்தில் நாலைந்து இடத்தில் கசிந்தால், சீல் வாங்கக் கடைக்குப் போகாமல் பிரீதர் ஹோஸைக் கழற்றுங்கள். என் மாமா பையனின் வண்டியில் டேப்பட் கவர், முன் சீல், டிப் ஸ்டிக் குழாய் எல்லாமே நனைந்திருந்தன. “சீல் எத்தனை மாத்தினாலும் நிக்காது சார், பிஸ்டன் ரிங் போயிடுச்சு” என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருந்தார்கள். டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் அந்த ரப்பர் ஹோஸை உருவிப் பார்த்தேன். ஒரு நுனி உள்பக்கமாகச் சப்பிப்போய், தார் மாதிரி கறுப்புப் பிசின் அடைத்திருந்தது. வாயை வைத்து ஊதினால் காற்று போகவில்லை. பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்குவது எந்த இன்ஜினிலும் உண்டு. அதற்குப் போக்கிடம் இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். புது ஹோஸும் டேப்பட் கவர் பேக்கிங்கும் போட்டதோடு அந்த வண்டியில் கசிவு நின்றுவிட்டது. ரிங்கில் கை வைக்கவே இல்லை.

ஹோஸ் சுத்தமாக இருந்தும், ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடித்தால், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் தேங்கியிருந்தால், அது ரிங், போர் தேய்மானத்தைக் காட்டுகிறது. லேசான ஆவி வந்தால் பயப்பட வேண்டாம்.

சைலன்சரில் புகை எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் வால்வ் சீல். ஏற்காடு மாதிரி மலையிலிருந்து கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபடி இறங்கிவிட்டு, மறுபடி மிதிக்கும்போது நீலமாக வந்தாலும் வால்வ் சீல் அல்லது கைடுதான். ஹெட் வேலையோடு போய்விடும். இழுவையில், மிதிக்க மிதிக்க நீலமாக வந்துகொண்டே இருந்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். கறுப்புப் புகை கார்புரேட்டர் விவகாரம், ஆயிலோடு சம்பந்தமில்லை.

சந்தேகத்தை உறுதிப்படுத்த கம்ப்ரஷன் டெஸ்ட் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் ரிங் போய்விட்டது என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். காயில் வயரைக் கழற்றி, மூன்று பிளக்கையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்துக் கேஜில் ஒவ்வொரு சிலிண்டராகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நிம்மதி; எல்லாமே சமமாகக் குறைந்திருக்கிறதா என்பதை மட்டும் மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்திருந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடியுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

சூடான ஐடிலிங்கில் ஆயில் லைட் மினுங்கினால் முதலில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டிப் பாருங்கள். சுவிட்சே பழுதாகிப் பொய் சொல்வதுண்டு. கேஜிலும் அழுத்தம் குறைந்து, மிதிக்கும்போது அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று கேட்டால் பேரிங். அப்போது வண்டியை ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள். மேலே கேட்கும் மெல்லிய ‘டிக் டிக்’ டேப்பட் சத்தம். அட்ஜஸ்ட் செய்தால் அடங்கிவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள், வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலைப் புகையையும் குளிர்ந்த இன்ஜினின் சத்தத்தையும் நீங்கள் பார்க்க முடியாது. வேறொரு நாள் போங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்து விரலில் தடவுங்கள். அப்போதுதான் மாற்றிய புது ஆயில், அதுவும் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தால், தேய்ந்த இன்ஜினின் புகையையும் சத்தத்தையும் சில வாரத்துக்கு அமுக்க ஊற்றியதாக இருக்கலாம்.

இதெல்லாம் பார்த்தும் ரிங்தான் என்று தெரிந்தால்கூட அவசரம் வேண்டாம். டிப் ஸ்டிக்கில் அளவையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் என்றால் ஊற்றிக்கொண்டே பல காலம் ஓட்டலாம். ஒரு லிட்டரைத் தொட்டால் நான் இன்ஜினை இறக்கிவிடுவேன். அப்போதும் லேத்தில் போரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். போர் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும்போது புது ரிங் மட்டும் போட்டு அனுப்பினால், சில மாதத்தில் அதே புகை திரும்பி வரும்.