தொலைவிலிருந்து தாயை இழந்தோருக்கு ஓர் ஆறுதல் பாடம்



பிழைப்பிற்காகச் சொந்த ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்கு, மற்ற துக்கங்களைவிடப் பெரிய துக்கம் ஒன்று உண்டு. ஊரில் தாய் கண்ணை மூடும் வேளையில் அருகில் இல்லாமற் போவதே அது. கோரமண்டலில் ஏறினால் சென்னை சேரவே ஒரு நாளுக்கு மேலாகிறது. அதன்பின் நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ இன்னும் ஓர் இரவு. விமானத்தில் சென்றாலும் சில சமயம் அடக்கம் முடிந்து, பந்தல் பிரிக்கும் வேளையில்தான் போய்ச் சேர்கிறோம். கடைசியாக ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லையே என்ற எண்ணம் பல ஆண்டுகள் மனத்தை அரிக்கிறது. இத்தகையோருக்குக் கிறிஸ்தவ நம்பிக்கை தரும் ஆறுதல் என்ன என்பதை, நம் கொல்கத்தாவில் வாழ்ந்த ஒரு மகளின் வரலாற்றைக் கொண்டு பார்ப்போம். பிற சமயத்து அன்பர்களுக்கும் இது பயன்படலாம்.

1. மகள் போக முடியாத வீடு

நமது நியூ டவுனில் ஈகோ பார்க்கிற்கு எதிரே உள்ள மெழுகுச் சிலைக் காட்சியகம் அன்னை தெரசாவின் பெயரைத் தாங்கியது. அன்னையை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அவரைப் பெற்ற தாயை அறிந்தவர்கள் குறைவு. அந்த அம்மையாரின் பெயர் திரானா. ஸ்கோப்யே நகரில் வாழ்ந்த அல்பேனியக் குடும்பம் அவர்களுடையது. 1919இல் கணவர் இறந்தபின், துணியில் பூவேலை செய்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தார். வறுமையிலும் ஏழைகளைத் தம் வீட்டு உணவு மேசையில் உட்கார வைத்தார்.

1928இல் 18 வயது மகள் கன்னியர் மடத்தில் சேரப் புறப்பட்டபோது, தாய் ரயிலில் ஸாக்ரெப் நகர் வரை உடன் வந்து வழியனுப்பினார். 1929 ஜனவரி 6ஆம் தேதி மகள் கொல்கத்தா வந்து சேர்ந்தார். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. தாய் பின்னாளில் அல்பேனியத் தலைநகரான திரானாவில் குடியேறினார். தாயின் பெயரும் ஊரின் பெயரும் நம் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பது தற்செயலே. அந்நாட்டு அரசு 1967இல் மத வழிபாடு முழுவதையும் தடை செய்தது. வயதான தாயை வெளியே அழைத்துவரச் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1972 ஜூலையில் தாய் காலமானார். மகள் அந்த மண்ணில் காலடி வைக்க முடிந்தது 1989இல்தான். அப்போது அவர் கண்டது கல்லறையை மட்டுமே.

2. அழுவது அவிசுவாசம் அன்று

விசுவாசிகள் அழக்கூடாது என்று துக்க வீட்டில் சிலர் அதட்டுவதுண்டு. வேதம் அவ்வாறு சொல்லவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குச் செல்லும் வழியில் கண்ணீர் விட்டார். தெசலோனிக்கே சபைக்கு எழுதிய பவுலும் துக்கத்தைத் தடுக்கவில்லை. நம்பிக்கையற்ற துக்கம் வேண்டாம் என்றே சொன்னார். பெரிய இறையியலாளரான அகஸ்டீன், 387இல் தாய் மோனிக்கா இறந்தபோது பிறர் முன் கண்ணீரை அடக்கிக்கொண்டார். பிறகு தனிமையில் அழுது தீர்த்தார். அதைத் தம் நூலில் ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்.

3. கடவுளுக்குத் தொலைவு இல்லை

அந்த மோனிக்காவும் நம்மைப் போல ஊர்விட்டு வந்தவரே. வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அவர், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தபோது இத்தாலியின் ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றார். சொந்த ஊரில் கணவர் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். இறுதியில் அதை விட்டுவிட்டார். இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுப்போக அச்சமில்லையா என்று கேட்டவர்களிடம், கடவுளுக்கு எந்த இடமும் தூரமில்லை என்ற பொருள்படப் பதிலளித்தார்.

நம் பாடத்தின் மையம் இதுதான். தாயின் கட்டிலருகே நாம் இல்லாதிருந்திருக்கலாம். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் யாரிடம் ஜெபித்தாரோ அவர் அங்கே இருந்தார்.

நான் ரயில்வேயில் பணி செய்தவன். எனக்குத் தெரிந்த ஓர் உவமையைச் சொல்கிறேன். வண்டி ஒரு நிலையத்தை விட்டுப் புறப்படுமுன், அடுத்த நிலையம் ‘லைன் கிளியர்’ கொடுத்திருக்க வேண்டும். வண்டியை ஏற்றுக்கொள்ள வழி ஆயத்தம் என்பது அதன் பொருள். கடைசிப் பெட்டி மறையும்வரை பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் அடுத்த நிலையத்தைப் பார்ப்பதில்லை. ஆயினும் அனுமதி முன்பே வந்துவிட்டது. தாம் போய் நமக்காக ஓர் இடத்தை ஆயத்தம் செய்வதாக இயேசு சீடர்களிடம் சொன்னதை நான் இவ்வாறுதான் புரிந்துகொள்கிறேன்.

4. நம்பிக்கை என்பது உணர்ச்சி மட்டும் அன்று

இத்தனை அறிந்தும் மனம் வெறுமையாக இருக்கிறதே என்று சிலர் வருந்துவார்கள். 2007இல் நூலாக வெளிவந்த அன்னை தெரசாவின் கடிதங்கள், அவரும் பல்லாண்டுகள் உள்ளத்தில் இருளை உணர்ந்தவர் என்று காட்டின. அவர் ஜெபத்தையும் பணியையும் விடவில்லை. காளிகாட்டில் 1952இல் தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லத்தில், யாரோ பெற்றவர்களுக்கும் யாரையோ பெற்றவர்களுக்கும் கடைசி நேரத்தில் அருகிருந்தார். தாய் ஸ்கோப்யேயில் செய்து காட்டியதை மகள் கொல்கத்தாவில் செய்தார். தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் நினைவூட்டுவதும் இந்த வழிமுறையைத்தான்.

5. நாம் செய்யக் கூடியவை

கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் தேதி இறந்தோருக்காக ஜெபிக்கிறார்கள்; சீர்திருத்த சபையார் நினைவு நாளில் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கிறார்கள். முறை வேறாயினும் உயிர்த்தெழுதலின் நம்பிக்கை ஒன்றே. இவற்றோடு மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, தாயைப் பற்றிப் பிள்ளைகளிடம் தமிழில் பேசுங்கள். ஆச்சியைத் தொலைபேசிக் குரலாக மட்டுமே அறிந்த பிள்ளைகள், அவர் எப்படி ஜெபித்தார், யாருக்குச் சோறு போட்டார் என்பதை அறியட்டும்.

இரண்டாவது, நம் அடுக்ககங்களில் பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிடத் தனித்திருக்கும் மாசிமாக்கள் உண்டு. வாரம் ஒருமுறை ஒரு வீட்டின் கதவைத் தட்டுங்கள். ஊரில் உங்கள் தாய்க்கும் யாரோ ஒரு அண்டை வீட்டார் அப்படி இருந்திருப்பார். அவருக்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள்.

மூன்றாவது, துக்கம் விசாரிக்கப் போகும்போது, நேரத்திற்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்காதீர்கள். அம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உடன் அமர்ந்திருங்கள்.