லேபிளில் இருந்த லிச்சி



தம்பி, நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம், கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது. சிங்கப்பூர் மச்சான் லீவில் வந்திருக்கிறார். சொந்தபந்தம் கூடிய ராத்திரியில் ஆம்பளைகள் மட்டும் மொட்டை மாடிக்கு ஏறி, அவர் கொண்டுவந்த பேல் ஏல் பீரைத் திறக்கிறீர்கள். சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர்தான் அனுமதி. 330 மில்லி பாட்டில் ஆறு என்றால் 1,980 மில்லி. மச்சான் கணக்கில் கெட்டிக்காரர். முளைகட்டிய தானியமான மால்ட், கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூ, இந்தச் சமாச்சாரமெல்லாம் உனக்கே தெரியும், அதை விட்டுவிட்டு எனக்கு எரிச்சல் வந்த இடத்துக்கு வருகிறேன்.

பாட்டில்களை மீன் ஐஸ் பெட்டிக்குள் புதைத்து வைத்ததாக எழுதியிருக்கிறாய். அடுத்த வரியிலேயே லிச்சி, பைன் மரம், பேஷன் ஃப்ரூட் என்று வாசனையை அடுக்குகிறாய். அவ்வளவு குளிர்ந்த ஏலில் வாசனை எழும்பாது தம்பி. 8லிருந்து 12 டிகிரிக்கு வந்தால்தான் அது வாயைத் திறக்கும். அப்படியானால் லிச்சி எங்கிருந்து வந்தது? லேபிளிலிருந்து வந்தது. பைன் மரத்தை நீ எங்கே முகர்ந்தாய்? ஹாப்ஸ் பூவில் மிர்சீன் என்றொரு பொருள் இருக்கிறது. மாம்பழத்திலும் எலுமிச்சைப் புல்லிலும் இருப்பது அதே சரக்குதான். நார்த்தை இலையைக் கசக்கி முகர்ந்து வளர்ந்த மூக்கு உனக்கு. அதை நம்பாமல், எவனோ விளம்பரத்துக்கு எழுதிக் கொடுத்ததை நம்பியிருக்கிறாய்.

இதைவிடப் பெரிய கூத்து கடைசிப் பத்தியில். டம்ளரில் மிச்சம் இருந்தது சூடேறியதும் “தேன் போல ஓர் இனிப்பு, நனைந்த நோட்டுப் புத்தக வாடை” என்று எழுதினாயே, கட்டுரையில் உன் மூக்கு உழைத்த இடம் அது ஒன்றுதான். ஆனால் அதற்கு “முதிர்ச்சி” என்று பட்டம் கட்டிவிட்டாய். முதிர்ச்சியுமில்லை, மண்ணுமில்லை. சரக்கு கெட்டிருக்கிறது! திருச்சி விமான நிலையத்திலிருந்து மே மாத வெயிலில் கார் டிக்கியில் வெந்துகொண்டே வந்த பாட்டில் அது. சூட்டில் ஹாப்ஸ் வாசனைதான் முதலில் போகும், கசப்பும் மங்கும். அடியில் இருக்கும் மால்ட் இனிப்பு மேலே வந்துவிடும். கூடவே அட்டைப்பெட்டி வாடை.

கள் கெட்டிருந்தால் எங்கள் பெரியப்பா மொந்தையில் ஒரு வாய் வைத்ததுமே சொல்லிவிடுவார். 1987 ஜனவரியில் அரசு கள்ளைத் தடை செய்யும்வரை அவர் காலைக் கள் மட்டும்தான் குடிப்பார். முதலில் முகர்வார். ஒரு வாய் வைத்து நாக்கில் புரட்டுவார். அப்புறம் மரமேறியைப் பார்த்து, “நேத்து அந்திக்கு எறக்குனத கலந்துட்டியா?” என்பார். அந்த ஆள் தலையைச் சொறிவார். ராத்திரி முழுக்கக் கிடந்த கள்ளில் காடி ஏறிவிடும், மறைக்க முடியாது. சுண்ணாம்பு தடவிய கலயமா, தடவாததா, தடவியது போதுமா என்பதையெல்லாம் பதநீரின் ஒரு மடக்கில் சொன்ன மனிதர்கள் இருந்த கரை இது. கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்கு முதல் பாடம். ருசியைப் பற்றி எழுத வருகிறவர்கள் ஏனோ அதைக் கடைசியில் வைக்கிறார்கள்.

அப்புறம் நீ எழுதிய அந்தப் பழங்கதை. இந்தியாவுக்கு அனுப்பும் பீர் வழியில் கெடாமலிருக்க ஹாட்ஜ்சன் என்பவர் ஹாப்ஸை அள்ளிப் போட்டுப் புதுப் பானத்தையே கண்டுபிடித்தாராம். ஆனால் சூடான நாடுகளுக்குப் போகும் பீருக்குக் கூடுதல் ஹாப்ஸ் போடு என்று 1760களிலேயே வடிப்பாலைக்காரர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். கறுப்பு போர்ட்டர் பீரும் அதே கப்பலில் ஏறி நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தது. லண்டனில் ஹாட்ஜ்சனின் பௌ வடிப்பாலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வாலுக்குப் பக்கத்தில் இருந்தது. கப்பல் கேப்டன்களுக்கு அவர் நீண்ட தவணைக் கடனும் கொடுத்தார். ரகசியம் அவ்வளவுதான்.

கப்பல் கதை வேண்டுமென்றால் இந்தப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கலாமே? அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். பீப்பாய்களை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணியே இல்லாமல், பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை நீ. லண்டன் முதலாளிக்கு ஒரு பக்கம், துடுப்பு போட்டவனுக்கு ஒரு வரிகூட இல்லை.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் பேனாவை மூடவில்லை என்றால், உன் சித்தப்பாவுக்காக. டாஸ்மாக் ஸ்ட்ராங் பீர் தவிர வேறெதையும் அறியாத அவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்கிறார்: “நெலவேம்புக் கசாயத்துல சோடாவ ஊத்தி, அதுக்கு எட்டு வெள்ளி வாங்குறானா?” ஆகா! கசப்பு, நுரை, விலை மூன்றும் ஒரே மூச்சில். நான் இத்தனை வருஷம் எழுதிய எதிலும் இப்படியொரு வரி கிடையாது. நண்டு வறுவல் தட்டை மாடிப்படி பாதிவரை கொண்டுவந்து வைத்துவிட்டு, மேலே ஏறாமல் திரும்பிப் போன அத்தையை நீ பார்த்ததும் அருமை. அவர் முகத்தையும் எழுதியிருக்கலாம்.

கட்டுரையை இப்படியே எங்கும் கொடுத்துவிடாதே. லிச்சியை வெட்டு, ஹாட்ஜ்சனை வெட்டு. சித்தப்பாவை முதல் வரிக்குக் கொண்டு வா. இரண்டு பாட்டில் மிச்சம் என்றாயே, அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வை, குடிக்கக் கால் மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வை, லேபிளைக் கிழித்துவிட்டு ஊற்று. கெட்டிருந்தால் கெட்டுவிட்டது என்றே எழுதி எனக்கு அனுப்பு.