‘ஒரு நிமிஷ வேலைதான்’ என்று யாராவது கூப்பிட்டால்

ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவருக்குப் பெரும்பாலும் ஒரே மெஷின். அதன் குணம் கொஞ்ச நாளில் அத்துப்படி ஆகிவிடும். பல்கலைக்கழகத்தில் மெயின்டெனன்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிற உனக்கு அந்த வசதி கிடையாது தம்பி. காலையில் ஹாஸ்டல் மோட்டார், பத்து மணிக்கு கெமிஸ்ட்ரி லேபில் சிங்க் அடைப்பு, மதியம் ஆடிட்டோரியம் மொட்டை மாடியில் ஏசி, சாயங்காலம் லைப்ரரியில் ஃபேன். எல்லாமே அடுத்தவர் இடம். அங்கே என்ன ஆபத்து இருக்கிறது என்பது அந்த இடத்துக்காரருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அவரும் தானாக வந்து சொல்ல மாட்டார். நீதான் கேட்க வேண்டும்.

பில்டிங் பிரிவில் கம்ப்ளைன்ட் ரெஜிஸ்டர் எழுதுகிறவள் நான். அதில் ‘ரூம் 214, சிங்க் அடைப்பு’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அந்த சிங்கில் என்ன ஊற்றினார்கள் என்று எழுதியிருக்காது. எழுத்தில் இல்லாத அந்தப் பாதியை வாயால் கேட்டு வாங்காமல் டூல் பையைத் திறக்காதே. ‘ஒரு நிமிஷ வேலைதான், வந்துட்டுப் போ’ என்று வராந்தாவில் நிறுத்திக் கூப்பிடுவார்கள். ரெஜிஸ்டரில் ஏறாமல் அப்படிப் போகிற வேலையில்தான், நீ எங்கே இருக்கிறாய் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாமல் போகிறது. ‘சார், நோட்ல எழுதிடுங்க, உடனே வர்றேன்’ என்று சொல்லிப் பழகு.

முதலில் கரண்ட். ‘இப்பதான் கரண்ட் போச்சு, சட்டுனு முடிச்சிடலாம்’ என்று ஒயரில் கை வைக்கிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப உண்டு. வீட்டிலேயே அது தப்பு, கேம்பஸில் உயிரே போகும். பெரிய கட்டடங்களில் கரண்ட் போன சில வினாடிகளில் ஜெனரேட்டர் தானாக ஓடி லைனை எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் லேபுக்கு யு.பி.எஸ். தனி. மாடியில் சோலார் பேனல் இருந்தால், மெயினை ஆஃப் செய்த பிறகும் வெயில் அடிக்கிற வரை பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வருகிற ஒயரில் கரண்ட் நிற்கும். ‘மெயின் ஆஃப் பண்ணியாச்சு’ என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ‘இந்த போர்டுக்கு வேற எங்கிருந்தெல்லாம் சப்ளை வருது?’ என்று சீனியரிடம் கேள்.

ஆஃப் செய்த இடத்தில் பூட்டு போடு. பழைய போர்டு என்றால் பீஸ் கட்டையைப் பிடுங்கி உன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள். எம்.சி.பி. என்றால் அதற்கென்று பூட்டு மாட்டுகிற கிளிப் விற்கிறது, ஆபீஸில் வாங்கித் தரச் சொல். சாவி உன்னிடம் மட்டும் இருக்கட்டும். ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று அட்டை தொங்கவிட்டு, உன் பேரையும் போன் நம்பரையும் அதில் எழுது. வெறும் அட்டையை நம்பி மேலே ஏறாதே. பரீட்சை ஹாலில் ஃபேன் ஓடவில்லை என்று வாட்ச்மேன் வந்து சுவிட்சைத் தூக்கிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. மூன்றாவது மாடியில் நீ ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பூட்டிய பிறகும் சோதிக்க வேண்டும், அதற்கு ஒரு முறை இருக்கிறது. கரண்ட் வருகிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு ப்ளக் பாயின்ட்டில் மீட்டரை வைத்துப் பார், 230-க்குப் பக்கத்தில் காட்டும். அதே மீட்டரைக் கொண்டுவந்து நீ வேலை செய்யப்போகும் இடத்தில் வை: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். மூன்றிலும் பூஜ்யம் வர வேண்டும். பிறகு திரும்பிப் போய் முதலில் பார்த்த ப்ளக் பாயின்ட்டிலேயே இன்னொரு தடவை பார். அங்கே மறுபடி 230 காட்டினால்தான் நடுவில் உன் மீட்டர் பழுதாகவில்லை என்று அர்த்தம். நியூட்ரலை எதற்குச் சோதிக்கச் சொல்கிறேன் என்றால், சில பழைய கட்டடங்களில் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டு வைத்திருப்பார்கள். சுவிட்சைத் தட்டினால் ஃபேன் நின்றுவிடும், ஆனால் அதற்குள் ஃபேஸ் அப்படியே இருக்கும். டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டையில் சொருகிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. செருப்பும் தரையும் காய்ந்து கிடந்தால் அதன் விளக்கு மங்கலாக எரியும். வெளிச்சமான இடத்தில் எரிவதே தெரியாது.

கிரைண்டர், டிரில்லிங் மெஷின் போல கையில் பிடிக்கிற எதையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிற லைனில் மட்டும் ஓட்டு. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும் வரை அந்த லைனைத் தொடாதே.

அடுத்தது, இந்த ஒன்றில் மட்டும் அக்கா சொல்வதை மறுபேச்சில்லாமல் கேள். செப்டிக் டேங்கிலோ மேன்ஹோலிலோ இறங்காதே. மோட்டார் விழுந்துவிட்டது, வாளி விழுந்துவிட்டது, போன் விழுந்துவிட்டது என்று என்ன காரணம் சொன்னாலும் இறங்காதே. உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு சேர்ந்தாலே மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிடும். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கிற அந்த நேரம்தான் ஆளை அடிக்கிற நேரம். விளக்கை இறக்கிப் பார்ப்பதும் உதவாது. விஷ வாயுவை விளக்கு காட்டாது. மீத்தேன் இருந்தால் பற்றிக்கொள்ளும்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்கவும் கூடாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்லியிருந்தது. அண்ணன் விழ, தம்பி குதிக்க, சித்தப்பா குதிக்க என்று நாம் செய்தியில் படிப்பதும் இதையேதான். மேலே நின்றபடி 101-க்குக் கூப்பிடு, காற்று அடிக்கிற புளோயர் இருந்தால் உள்ளே விடு. அதற்கு மேல் செய்ய மூச்சுக்கருவி போட்ட ஆள் வர வேண்டும்.

சட்டம் உன் பக்கம் இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இல்லை 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அந்தப் பணம் நம் வீட்டுக்கு வரவே கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குடிதண்ணீர் சம்ப்தானே என்று அலட்சியம் வேண்டாம். நாள்கணக்கில் மூடிக் கிடந்த சம்பிலும் ஆக்சிஜன் குறைந்திருக்கும். மூடி எல்லாவற்றையும் திறந்து, புளோயர் வைத்து, கேஸ் மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் காட்டிய பிறகு, மேலே ஓர் ஆள் நிற்க, இடுப்பில் கயிறோடு இறங்கு. பெட்ரோல் இன்ஜின் பம்பை சம்புக்குள் இறக்கி ஓட்ட ஒருபோதும் சம்மதிக்காதே. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது.

இனி லேப். சிங்க் அடைப்பு என்று போனால், கீழே இருக்கிற வளைந்த டிராப்பைக் கழற்றும் முன் லேப் அசிஸ்டென்டைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள். ‘இதுல கடைசியா என்ன ஊத்துனீங்க? மெர்க்குரி உடைஞ்சதா? அஸைடு ஊத்துனதுண்டா?’ சோடியம் அஸைடு என்கிற ரசாயனத்தைக் கழுவி ஊற்றிக்கொண்டே இருந்தால், அது ஈயக் குழாயோடும் செம்புக் குழாயோடும் சேர்ந்து, தட்டினாலே வெடிக்கிற உப்பாகப் படிந்துவிடும். குழாயைக் கழற்றிய பிளம்பர்கள் இதனால் காயப்பட்டிருக்கிறார்கள். கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு எழுத்தில் கேள். பதில் வந்து கழற்றும்போதும் முகத்துக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கிளவுஸ், கீழே பிளாஸ்டிக் வாளி வேண்டும்.

மொட்டை மாடியில் லேப் புகைக்கூண்டுகள் நிற்கும். கீழே யார் என்ன கொதிக்க வைக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது; பக்கத்தில் வேலை என்றால் அந்தத் துறைக்குச் சொல்லி நிறுத்தச் சொல். லிக்விட் நைட்ரஜன் வைத்திருக்கும் சின்ன ரூமுக்குள் தனியாகப் போகாதே. அது ஒரு லிட்டர் சிந்தினால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரிந்து, மூச்சுக்கு இருக்கிற காற்றை வெளியே தள்ளிவிடும்.

ஸ்டோர் ரூம் காலி பண்ணுகிற வேலைதான் எல்லாவற்றையும் விட லேசானது என்று நினைப்பாய். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-க்குப் பிறகு யாரும் தொடாமல் கிடந்த ஒரு காமா கதிர்வீச்சுக் கருவியை 2010 பிப்ரவரியில் பழைய சாமானோடு ஏலத்தில் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தார்கள். ஏப்ரலில் அந்தக் கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தார், இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். விற்றவர்கள் படித்தவர்கள், செத்தவர் கூலிக்காரர். மஞ்சளில் மூன்று இதழ் போட்ட அடையாளம் இருந்தாலும் சரி, அழிந்துபோய் ஒன்றுமே தெரியாவிட்டாலும் சரி, அளவுக்கு மீறிக் கனக்கிற எந்தப் பெட்டியையும் ‘பிரிக்கலாம்’ என்று எச்.ஓ.டி. கையெழுத்துப் போடாமல் பிரிக்காதே.

ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிற தங்கச்சிக்கு: டாய்லெட் ஆசிட் ஊற்றின இடத்தில் ப்ளீச்சிங் பவுடர் போடாதே. ரெண்டும் சேர்ந்தால் குளோரின் கிளம்பும். 1915-ல் முதல் உலகப் போரில் சிப்பாய்களைக் கொல்லத் திறந்துவிட்டது அதே வாயுவைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிற சின்ன பாத்ரூமில் அது போதும். ஒன்றைப் போட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் இன்னொன்று. பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்காதே, யாராவது தாகத்துக்கு எடுத்துவிடுவார்கள். குப்பைப் பையைக் கையால் அமுக்காதே; ஹாஸ்டல் குப்பையிலும் ஊசி கிடக்கும். குத்திவிட்டால் பிழியாமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்போதே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விடியற்காலை ஷிப்டில் ஆளில்லாத பிளாக்குக்கு இரண்டு பேராகவே போங்கள். யாராவது தப்பாக நடந்தால், நீ காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் கேம்பஸின் உள் புகார்க் குழுவில் புகார் கொடுக்க, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தில் உனக்கு உரிமை உண்டு.

உயரத்துக்கு இரண்டே விஷயம். ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளிச் சாய்த்துப் போடு, கரண்ட் வேலைக்கு அலுமினிய ஏணி வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் நேராகக் கால் வைக்காதே. பார்வைக்குத் திடமாக இருந்தாலும் வெயிலில் நொறுங்கிப் போயிருக்கும். பலகை போட்டு, பெல்ட் மாட்டி ஏறு.

வேலையைச் செய்ய மறுக்கத் தயக்கமாக இருக்கும், எனக்குத் தெரியும். காண்ட்ராக்ட்காரர் நாளைக்கே வேறு ஆளைக் கூட்டி வருவார் என்ற பயம். அதனால் ‘முடியாது’ என்று தொடங்காதே. ‘செய்றேன் சார், பூட்டுப் போட்டுட்டுச் செய்றேன், பத்து நிமிஷம் ஆகும்’ என்று சொல். அதற்கும் சத்தம் போட்டால் எனக்குப் போன் பண்ணு. நான் ரெஜிஸ்டரில் ‘பாதுகாப்பு ஏற்பாடு இல்லாததால் நிறுத்தப்பட்டது’ என்று எழுதுகிறேன். சத்தம் போடுகிறவர்கள் எழுத்தைப் பார்த்தால் அடங்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உனக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பார். சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்பது போதாது; உன் இன்சூரன்ஸ் நம்பரை வாங்கி வீட்டிலும் ஒரு காப்பி வை. வேலையில் அடிபட்டு மூன்று நாளோ அதற்கு மேலோ படுத்தால் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டாலும் உண்டு. காண்ட்ராக்ட்காரர் பணம் கட்டவில்லை என்றால் பல்கலைக்கழகம்தான் கட்டியாக வேண்டும். அடி சின்னதோ பெரியதோ, அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதவை. எந்த இடம், எத்தனை மணி, கூட யார் இருந்தார் என்று மூன்றும் அதில் இருக்கட்டும். ‘பைக்ல இருந்து விழுந்தேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிடு, செலவை நாங்க பாத்துக்கறோம்’ என்று யார் சொன்னாலும் அப்படிச் சொல்லாதே. அந்த ஒரு வார்த்தையில் உன் பென்ஷனும் நஷ்டஈடும் போய்விடும். விபத்து ரிப்போர்ட் இ.எஸ்.ஐ.க்கு அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டு, அதன் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ. உன்னால் நடக்க முடியாவிட்டால் நான் வாங்கித் தருகிறேன்.