நேத்துல இருந்துதான் டாக்டர்

2017 அக்டோபரில் என் மகனுக்கு டெங்கு வந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அரசுக் கணக்கிலேயே 23 ஆயிரம் பேருக்கு மேல் வந்து, 65 பேர் இறந்தார்கள். மதுரையில் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் படுத்திருந்தார்கள். “அப்படியிருந்துமா உனக்குத் தெரியாமப் போச்சு?” என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. நாத்தனார் வீட்டுக் காதுகுத்து முடிந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் முதுகில் சாய்ந்தான். சேலைக்கு மேலேயே சுட்டது. அலைச்சல் என்று நினைத்தேன். திங்கள்கிழமை தெர்மாமீட்டரில் 103. பாராசிட்டமால் கொடுத்தேன், அரைநாள் லீவு போட்டேன். செவ்வாய் சாயங்காலம் டாக்டரிடம் போனோம்.

“எத்தனை நாளா?” என்றார்.

“நேத்துல இருந்துதான் டாக்டர்.”

எனக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிய 103தான். ஞாயிறு இரவு முதுகில் பட்ட சூட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. சீட்டில் ‘இரண்டாம் நாள்’ என்று எழுதினார். உண்மையில் மூன்றாம் நாள். ரத்தம் பார்த்ததில் தட்டணு 1,90,000. “நல்லாத்தான் இருக்கு, வைரல் காய்ச்சல். நாலாம் நாளும் காய்ச்சல் இருந்தா வாங்க, திரும்பப் பாப்போம்” என்றார். என் கணக்கில் நாலாம் நாள் வியாழன். உடம்பின் கணக்கில் அது ஐந்தாம் நாள். டெங்குவில் அந்த ஒரு நாள்தான் எல்லாமே.

அவர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ‘காய்ச்சல் இருந்தா வாங்க’ என்றாரே ஒழிய, ‘விட்டாலும் வாங்க’ என்று சொல்லவில்லை. அதே ரிப்போர்ட்டில் வெள்ளணு 3,100 என்று இருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை எடுக்கச் சொல்லியிருந்தால் அநேகமாகப் பாசிட்டிவ் வந்திருக்கும். அந்தச் சோதனை முதல் நான்கைந்து நாள்தான் கைகொடுக்கும்.

பரிசோதனை கிடக்கட்டும், அடையாளங்கள் என் கண்முன்னேதான் இருந்தன. சளி இல்லை, இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. முகம் மட்டும் வெயிலில் நின்றவன் போலச் சிவந்திருந்தது. கண்ணை உருட்டினால் உள்ளே வலிக்கிறது என்றான். இன்ஃப்ளூயன்சா என்றால் பெரும்பாலும் தொண்டையிலும் மூக்கிலும் தெரியும். தட்டம்மை என்றால் இருமலும் கண் சிவப்பும் முதலில் வந்து, பிறகு காதோரத்தில் தடிப்பு தொடங்கும். சளியே இல்லாமல் திடீரென்று ஏறுகிற காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, குறைந்த வெள்ளணு மூன்றும் மழைக்காலத்தில் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் டெங்கு இல்லை என்று நிரூபணமாகும்வரை டெங்குதான். நான் ஏன் பார்க்கவில்லை? 2006இல் எங்கள் அப்பாவுக்குச் சிக்குன்குனியா வந்தது. காப்பி டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காமல் இரண்டு மாதம் கஷ்டப்பட்டார். கொசுக் காய்ச்சல் என்றால் மூட்டுவலி என்று அன்றைக்கு மனசில் பதிந்துவிட்டது. இவன் கைகாலை நன்றாக மடக்கினான், நானும் நிம்மதியாக இருந்தேன். இரண்டையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசுதான் என்றாலும், சிக்குன்குனியா மூட்டைப் பிடிக்கும், டெங்கு ரத்தக் குழாயைப் பிடிக்கும்.

வியாழன் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டியது. தெர்மாமீட்டரில் 98. சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், ரத்தம் கெட்டிப்படும், வயிற்றிலும் நெஞ்சுக் கூட்டிலும் நீர் கோக்கும். அந்த நேரத்தில் நான் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு நாத்தனார் வந்தார். “காய்ச்சல்தான் விட்ருச்சே, இன்னும் எதுக்குடி அவனப் போட்டுக் குத்துற?” நான் பேங்க்குக்குக் கிளம்பிவிட்டேன். மாத முதல் வாரத்தில் கேஷ் கவுண்டரை விட்டு நகர முடியாது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். மத்தியானம் அத்தை பப்பாளி இலைச் சாறு கொடுத்திருக்கிறார். வாந்தி எடுத்தான். “சாறு கசக்கும்ல, அதான்” என்றார்கள். வயிறு வலிக்கிறது என்றான். “ரெண்டு நாளாச் சாப்பிடல, வெறும் வயிறு” என்று ஓம வாட்டர் கொடுத்தார்கள். மறுபடி வாந்தி. விடாத வாந்தி, வயிற்றுவலி, சோர்வு என்று எச்சரிக்கை அறிகுறிகளில் மூன்று அந்த மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. பப்பாளிச் சாறு கேடு என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கிய நாளில் வாந்தி வரவைக்கிற எதையும் கொடுத்தால், வியாதி எடுக்க வைத்த வாந்தி எது, சாறு எடுக்க வைத்தது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அத்தை நல்லவர். அதனால்தான் இதை அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளி காலை ஐந்து மணிக்குப் போர்வைக்குள் அவன் காலைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒன்றுக்கே போகவில்லை. ஆனால் பேசினான், காலையில் இட்லிக்கு என்ன சட்னி என்றுகூடக் கேட்டான். அதுதான் ஏமாற்றும். உள்ளே அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும்போதும் பிள்ளைகள் தெளிவாகப் பேசுவார்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பிரஷர் 92/76. மேலே கீழே இரண்டும் நெருங்கி வந்தால் ஷாக் என்று அர்த்தமாம். ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டுகிற பி.சி.வி. செவ்வாய்க்கிழமை 35 இருந்தது, இப்போது 47 ஆகியிருந்தது.

சலைன் ஏற்றினார்கள், மணிக்கு மணி பார்த்தார்கள், பிழைத்தான். ஆனால் அங்கே நடந்த சண்டைகள் பாக்கி இருக்கின்றன.

என்.எஸ்.1 நெகட்டிவ் வந்ததும் நாத்தனார், “டெங்குவே இல்லைன்னு வந்திருக்கு, எதுக்கு ஐசியூ?” என்றார். ஆறாம் நாள் எடுத்தால் அப்படியும் வரும். அதே ரத்தத்தில் டெங்குவுக்கான ஐ.ஜி.எம். சோதனை பாசிட்டிவ். இளம் டாக்டர் ஒருவர் அவன் அக்குள், தொடையிடுக்கு எல்லாம் விலக்கிப் பார்த்தார். எனக்குக் கோபமே வந்தது. உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், அதைத் தேடினாராம். அது வைரஸே இல்லை, டாக்ஸிசைக்ளினில் அடங்குகிற பாக்டீரியா. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்குமாம். கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

தட்டணு 28,000க்கு இறங்கியபோது என் கணவரின் சித்தப்பா ரத்தம் ஏற்றச் சொல்லிக் கத்தினார். டாக்டர்கள் மறுத்தார்கள், நான் டாக்டர்கள் பக்கம் நின்றேன். “பெத்தவளா நீ?” என்று கேட்டார். ரத்தக் கசிவு இல்லாத பிள்ளைக்கு அந்த எண்ணில் தட்டணு ஏற்றுவதில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் முப்பது பேர் “பிளேட்லெட் எவ்வளவு?” என்று கேட்டார்கள், பி.சி.வி. எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உயிர் ஊசலாடியது அந்த எண்ணில்தான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலில் சிவந்த தடிப்பும் நடுநடுவே வெள்ளைத் திட்டுகளும் வந்து அரித்தபோது, “தேறுகிறான்” என்றார்கள்.

இப்போது எங்கள் சமையலறைக் காலண்டரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தொட்டுச் சுட்ட மணியை எழுதுகிறேன், தெர்மாமீட்டர் காட்டுகிறவரை காத்திருப்பதில்லை. கடைசியாக ஒன்றுக்குப் போன நேரமும் பக்கத்தில் இருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வீட்டுக்குள் வராது. ரத்த ரிப்போர்ட்டை முதல் நாளிலிருந்து வரிசையாகக் கோத்து வைக்கிறேன். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று எப்படித் தெரியும்?

போன மாதம் நாத்தனார் போன் செய்தார். அவர் பேத்திக்குக் காய்ச்சலாம், விட்டுவிட்டதாம்.

“எப்ப ஆரம்பிச்சுச்சு அண்ணி?”

“மூணு நாளைக்கு முன்னாடி.”

“பகலா, ராத்திரியா?”

“நீ என்ன டாக்டரா?” என்று வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பி.சி.வி. இருக்கிற வரி மட்டும் தாள் மடிப்பில் மறைந்திருந்தது. மறுபடி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.