மரபணு மாற்றமும் அகிம்சை நோக்கும்

ஓருயிரின் மரபணுவைப் பிரித்தெடுத்து மற்றோருயிரில் பொருத்துவதே மரபணுப் பொறியியல். கொல்லாமையை முதல் அணுவிரதமாகக் கொண்ட சிராவகர்களாகிய நாம் இதனை ஏற்பதா, விலக்குவதா? ஒரு பொருளைப் பல நிலைகளிலிருந்து நோக்குக என்பது அநேகாந்தம். அவ்வழியே ஆராய்வோம்.

முதலில் நன்மை. நீரிழிவு நோயாளர்க்குரிய இன்சுலின், முன்னாளில் கொல்லப்பட்ட பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. மனித மரபணுவைப் பாக்டீரியாவில் பொருத்தி உண்டாக்கிய இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. நுண்ணுயிரும் உயிரே, எனினும் ஐயறிவுயிரைக் கொல்வதினும் இம்சை குறைவு. மேலும் இது மூடிய கலங்களுக்குள் நிகழ்வது.

திறந்த வயலின் நிலை வேறு. மதுரை வட்டாரத்துக் கல்லம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இரகம் எம்.டி.யு.1. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பி.டி. மரபணுவைப் புகுத்திய இரகங்களுள் இதுவும் ஒன்று. மண்ணில் வாழும் பாக்டீரியாவின் அந்த மரபணு, காய்த்துளைப்பான் புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியிலேயே தோற்றுவிக்கும். பூச்சிமருந்துத் தெளிப்புக் குறைந்தால் தேனீக்களும் உழவரும் பிழைப்பர் என்பது ஒரு வாதம். கத்தரியின் இனவளம் மிக்க நம் நாட்டில், மகரந்தம் வழியே அம்மரபணு நாட்டினங்களிற் கலக்கக்கூடும் என்பது மற்றொரு வாதம்.

பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மைய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இசைவளித்தது. பல நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டறிந்த சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், 2010 பிப்ரவரி 9இல் அதனை நிறுத்திவைத்தார். பங்களாதேஷோ 2013இல் அதற்கு ஒப்புதல் அளித்தது.

2002இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி தரும் பாடமும் உண்டு. தொடக்கத்தில் காய்ப்புழுக்கள் குறைந்தன. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்நஞ்சைத் தாங்கும் ஆற்றல் பெற்றது. மருந்துத் தெளிப்பும் மீண்டது.

ஆகவே, அறிவியலை முற்றும் வெறுத்தலும் வேண்டா. ஆய்வின்றி ஏற்றலும் வேண்டா. பழுதான மருந்தைக் கடையிலிருந்து திரும்பப் பெறலாம். காற்றிற் கலந்த மகரந்தத்தைத் திரும்பப் பெறல் அரிது. விதைக்குமுன் நெடுநாள் சோதனை, முடிவுகளை மறையாது வெளியிடல், உணவுப் பொட்டலத்தில் தெளிவான குறிப்பு ஆகிய மூன்றும் வேண்டும். உண்பது யாதென அறிந்து உண்பது நம் அறமன்றோ?

சிந்தனைக்கு:
1. இன்சுலினுக்கும் கத்தரிக்கும் நாம் கண்ட வேறுபாடு யாது?
2. மருந்து தெளித்தல், பி.டி. செடி ஆகிய இரண்டில் இம்சை குறைந்தது எது? காரணம் கூறுக.