பேட்டரி ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் வேணுமா?

குழுக்கடனில் பேட்டரி ஸ்கூட்டர் எடுத்தவர்களைக் கேட்டால், "இன்சூரன்ஸ் வேண்டாம்னு கடைக்காரரே சொல்லிட்டாருங்க மேடம்" என்கிறார்கள். அது பாதிதான் உண்மை. 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைந்த சின்ன வண்டிக்குத்தான் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. பச்சை நம்பர் பிளேட் வண்டிக்கு பெட்ரோல் வண்டியின் சட்டமேதான். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு.

அபராதத்தை விடுங்க. நாம் யார்மேலாவது மோதி, அவர் கால் ஒடிந்தால்? கோர்ட் சொல்லும் நஷ்டஈட்டை 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் கொடுக்கும். அது இல்லாவிட்டால், சின்ன வண்டியானாலும், நாம்தான் கட்டணும். தாலிக்கொடி வரை அடகுக்குப் போகும். நம் வண்டி உடைந்தால் மட்டும் இதில் பணம் வராது.

பாலிசி முடியும் தேதியைப் பார்த்து, பேப்பரை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. சேர்ந்து படிப்போம்.